பெரிய படகோடு கயாக்கையும் கொண்டுபோக

காரைக்குடிப் பக்கமிருந்து தேவகோட்டை வழியாகத் தொண்டிக்குக் கயாக்கை, அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகை, கொண்டுவந்து, பெரிய படகோடு கடலுக்குள் போகிறவர்களுக்கு இது. படகில் இடம் இருந்தால் மேலேயே ஏற்றிவிடுங்கள். கவிழ்த்து வைத்து, அடியில் பழைய சாக்கை மடித்துப் போட்டு, முன்னும் பின்னும் தனித்தனியாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கயாக்கை ரொம்ப இறுக்க வேண்டாம், நம்ம ஊர் வெயிலில் அமுங்கிவிடும்.

இடம் இல்லையா, சரி, இழுத்துப் போகலாம். அதற்குக் கயிறுதான் உயிர். பாலிபுரோப்பிலீன் கயிறு மிதக்கும், நைலான் கயிறு மூழ்கும். படகு வேகம் குறையும்போது மூழ்கிய கயிறு மோட்டார் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அதனால் மிதக்கிற கயிறே வாங்குங்கள். கயாக்கின் முனையில் முடிந்தவரை தாழ்வாகக் கட்டினால் முனை தண்ணீரில் குத்தாமல் தூக்கி நிற்கும். கைப்பிடியை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள்.

துடுப்பு, சாமான் எல்லாம் படகில் இருக்கட்டும். இழுக்கும்போது கயாக்கில் ஆள் இருக்கவே கூடாது. மெதுவாகப் போங்கள். கயாக் இடமும் வலமுமாக ஆடினால் கயிற்றின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், காற்றடித்தால் குட்டை அலைகள் நெருக்கமாக எழும். அன்றைக்கு இழுக்கிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.