பழைய சொகுசு கார் வாங்கினால் முதலில் சாவியைக் கவனியுங்கள்

ஒரே ஒரு சாவியோடு கார் கைக்கு வந்தால், அது வேலை செய்யும்போதே இரண்டாவதைச் செய்துவிடுங்கள். இருப்பதும் தொலைந்துபோனால், சில மாடல்களில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்பவிடாத திருட்டுத் தடுப்பு அமைப்பு) கம்ப்யூட்டரையே கழற்றவோ மாற்றவோ வேண்டிவரும். செலவு பல மடங்கு. புதுச் சாவி பதிவு செய்யும்போது, பழைய உரிமையாளர் தொலைத்த சாவிகளை நினைவகத்திலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கார் பேட்டரியில் சார்ஜ் குறைந்தால் புரோகிராமிங் பாதியில் கெடலாம், சார்ஜரை இணைத்தே செய்யச் சொல்லுங்கள்.

ரிமோட் மக்கர் செய்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரிதான் காரணம்; பலவற்றில் சிஆர்2032. அது தீர்ந்தாலும், உள்ளே செருகியிருக்கும் சின்ன உலோகச் சாவியால் கதவைத் திறந்து, கையேட்டில் காட்டிய இடத்தில் ரிமோட்டை ஒட்டிப் பிடித்தால் வண்டி கிளம்பும்.

அப்புறம், ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் கியர்பாக்ஸ் ஆயில் ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று சொன்னாலும் நம்பாதீர்கள். அதையும், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குழாய்களையும் அவசியம் பரிசோதியுங்கள். பிளாஸ்டிக் இணைப்புகள் சூட்டில் காய்ந்து விரிசல் விடும். ஓரத்தில் வெள்ளைப் படிவு தெரிந்தால் கசிவு ஆரம்பித்துவிட்டது.