போர்டு விவரம் டிவைஸ் ட்ரீல, ட்ரைவர் முடிவு கான்ஃபிக்ல: ரெண்டையும் பிரிச்சு வைக்கிறது எப்படி

புது போர்டு கைக்கு வந்ததும் மெனுகான்ஃபிக் (லினக்ஸ் கெர்னல்ல எது எது இருக்கணும்னு தேர்ந்தெடுக்கிற மெனு) திறந்து கண்ணுல பட்டதையெல்லாம் ஆன் பண்ற ஆளா நீங்க? நானும் அப்படித்தான் இருந்தேன். அங்க நீங்க சொல்றது "இந்த ட்ரைவர் கெர்னல்ல இருக்கட்டும்"ங்கிறத மட்டும்தான், சிப் எந்த பஸ்ல எந்த அட்ரஸ்ல உக்காந்திருக்குன்னு கான்ஃபிக்குக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதச் சொல்றது டிவைஸ் ட்ரீ, அதாவது போர்டுல எந்த ஹார்டுவேர் எங்க இருக்குன்னு கெர்னலுக்குச் சொல்ற தனி ஃபைல்.

முன்னாடி ஏஆர்எம் லினக்ஸ்ல போர்டுக்கு ஒரு சி ஃபைல், அட்ரஸ் இன்டரப்ட் நம்பர் எல்லாம் அதுக்குள்ளயே எழுதி கம்பைல் பண்ணுவாங்க. அது மலை மாதிரி குவிஞ்சு, 2011ல லினஸ் டோர்வால்ட்ஸே கடுப்பாகிக் கத்துன பிறகு, பவர்பிசில ஏற்கனவே ஓடிட்டிருந்த டிவைஸ் ட்ரீய ஏஆர்எம்லயும் மும்முரமா கொண்டு வந்தாங்க.

ஒரு எல்எம்75 டெம்பரேச்சர் சென்சார எடுத்துக்குங்க. டிடிஎஸ் ஃபைல்ல (டிவைஸ் ட்ரீய நாம எழுதற சோர்ஸ்), அது மாட்டியிருக்கிற ஐ2சி கன்ட்ரோலர் நோடுக்குள்ள ஒரு சின்ன நோடு போடுங்க, அதுல ரெண்டே வரி: கம்பாட்டிபிள்ல (இது என்ன சிப்) "நேஷனல்,எல்எம்75", ரெக்ல (அதோட அட்ரஸ்) ஹெக்ஸ் 48. கான்ஃபிக்ல சென்சார்ஸ் எல்எம்75ங்கிற ஆப்ஷன பில்ட்-இன்னாவோ மாட்யூலாவோ வைங்க. ட்ரைவர் உள்ள இருக்கிற டேபிள்லயும் அதே கம்பாட்டிபிள் பேர் இருக்கும், கெர்னல் ரெண்டையும் பொருத்திப் பாத்து, சிப்ப தயார் பண்ற ட்ரைவரோட ப்ரோப் ஃபங்ஷன கூப்பிடும். நாளைக்கு வேற போர்டுல சிப்போட ஏ0 பின்ன ஹைல கட்டி அட்ரஸ் 49 ஆயிடுச்சுன்னா டிடிஎஸ்ல ஒரு நம்பர மாத்தி மேக் டிடிபிஸ் அடிச்சா (அது டிடிஎஸ்ஸ டிடிபிங்கிற பைனரியா கம்பைல் பண்ணும்) போதும், கெர்னல் இமேஜ தொடவே வேணாம்.

எது எங்க போகணும்னு குழம்பினா நான் கேக்கிற கேள்வி: இதே போர்டுல ஃப்ரீபிஎஸ்டி ஓட்டினா இந்த வரி அதுக்கும் தேவைப்படுமா? தேவைன்னா அது ஹார்டுவேர், டிவைஸ் ட்ரீக்குப் போகும். எத்தனை செகண்டுக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கணும், டீபக் மெசேஜ் எவ்வளவு வரணும், இதெல்லாம் அங்க வேணாம். கம்பாட்டிபிள்ல ட்ரைவர் பேர எழுதாதீங்க, சிப் பேர எழுதுங்க. (சோசன் நோடுல கெர்னலுக்குக் கொடுக்கிற பூட்ஆர்க்ஸ் இருக்கேன்னு கேப்பீங்க, அது பூட்லோடர் செய்தி சொல்ல வச்ச இடம், விதிவிலக்குன்னு விட்டுருங்க.)

ஒரே எஸ்ஓசில (சிபியுவும் கன்ட்ரோலர்களும் ஒண்ணா இருக்கிற சிப்) பல போர்டு இருந்தா பொதுவானத டிடிஎஸ்ஐல (பல டிடிஎஸ் உள்ள சேத்துக்கிற பொது ஃபைல்) வைங்க. அதுல வெளிய பின் வர்ற கன்ட்ரோலரெல்லாம் ஸ்டேட்டஸ் "டிஸேபிள்டு"ன்னுதான் பெரும்பாலும் இருக்கும், உங்க போர்டு டிடிஎஸ்ல நீங்க "ஓகே" போட்டாத்தான் உயிர் வரும். நான் ஒருநாள் முழுக்க மாட்டினது இதுல பாதி: ஓகே போட்டாச்சு, கம்பைலும் ஆச்சு, ஆனா பூட் பார்டிஷனுக்குப் புது கெர்னல மட்டும் காப்பி பண்ணிட்டு டிடிபிய மறந்துட்டேன், பழைய டிடிபிதான் லோடாயிட்டிருந்தது, நான் பாட்டுக்கு கான்ஃபிக்ல ஒவ்வொரு ஐ2சி ஆப்ஷனா ஆன் பண்ணிட்டிருக்கேன்.

அதனால டிவைஸ் வரலன்னா முதல்ல ஓடிட்டிருக்கிற சிஸ்டத்துல ப்ராக் கீழ இருக்கிற டிவைஸ்-ட்ரீ ஃபோல்டருக்குள்ள போய் உங்க நோடு இருக்கா, ஸ்டேட்டஸ் என்னன்னு பாருங்க. இல்லன்னா கோளாறு டிடிபி பக்கம். நோடு இருக்கு, ட்ரைவர் ஒட்டலன்னா கான்ஃபிக்க பாருங்க, மாட்யூலா வச்சிருந்தா லோடாச்சான்னும் பாருங்க. ட்ரைவர் இருந்தும் ஒட்டலன்னா, கெர்னல் தன்னோட உள்விவரத்தக் காட்டற டீபக்எஃப்எஸ்ல டிவைசஸ் டிஃபர்டுன்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுல உங்க டிவைஸ் பேர் இருந்தா அது வேற எதுக்கோ காத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம், பல தடவ அந்த "வேற எதுவோ" நீங்க கான்ஃபிக்ல ஆன் பண்ணாம விட்ட ரெகுலேட்டர் ட்ரைவராத்தான் இருக்கும்.