கேஸ் மேனேஜர் வேலை: சாவி கைக்கு வந்த அப்புறம்

லாஸ் ஏஞ்சலஸ்ல கேஸ் மேனேஜரா இருக்கேன். ரோட்டுல வருஷக்கணக்கா கிடந்தவங்களுக்கு வீடு கிடைச்ச பிறகு அந்த வீடு கைவிட்டுப் போகாம பாத்துக்குறதுதான் வேலை. ஊர்ல யாராச்சும் கேட்டா அம்மா "ஏதோ கவர்மென்ட் மாதிரி ஆபீஸ் வேலை"ன்னு சொல்லி சமாளிச்சிட்டு இருக்காங்க, பாவம். இங்க எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) படிக்க வந்த நம்ம பிள்ளைங்க சிலர் இந்த வேலைக்கு சேரலாமா, எப்படி செய்றதுன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லி மாளல, அதான் எழுதுறேன்.

முதல்ல யாரோட வேலை செய்யப் போறீங்கன்னு தெரிஞ்சுக்கோங்க. ஏதோ ஒரு உடல் ஊனம், மனநோய், இல்ல போதைப் பழக்கம் இருக்கணும், அதோட தொடர்ச்சியா 12 மாசம் ரோட்டுலயோ ஷெல்டர்லயோ (வீடில்லாதவங்க தங்குற விடுதி) இருந்திருக்கணும், இல்லன்னா 3 வருஷத்துல 4 தடவை அப்படி இருந்து மொத்தம் 12 மாசம் ஆகியிருக்கணும். ஒருத்தர நீண்ட கால வீடில்லாதவர்னு சொல்ல இதுதான் அமெரிக்க கவர்மென்டோட கணக்கு. அதாவது உங்ககிட்ட வர்றவங்க போன மாசம் வேலை போய் தெருவுக்கு வந்தவங்க இல்ல.

அடுத்தது ஹவுசிங் ஃபர்ஸ்ட். 1992ல நியூயார்க்ல சாம் செம்பெரிஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் ஆரம்பிச்ச முறை, முதல்ல வீட்ட குடு, குடியை நிறுத்துறது மருந்து சாப்பிடுறதெல்லாம் பிறகு பேசிக்கலாம்னு. கலிஃபோர்னியாவுல 2016லயே இதுக்கு சட்டம் போட்டுட்டாங்க, மாநிலக் காசு வாங்குற ஹவுசிங் புரோகிராம்லாம் இப்படித்தான் நடக்கணும்னு. நம்ம ஆளுங்களுக்கு இதுதான் ரொம்ப கஷ்டம். "குடிக்கிறவனுக்கு எதுக்கு வீடு"ன்னு ரத்தத்துலயே ஊறியிருக்கு நமக்கு. குடிக்கிறார்ங்கிறதுக்காக மட்டும் நீங்க ஒருத்தர வெளிய அனுப்ப முடியாது, ஆனா வாடகை கட்டலன்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு பக்கத்து வீட்டுக் கதவ உதைச்சான்னா, லீஸ் (வாடகை ஒப்பந்தம்) லீஸ்தான், வீடு போயிடலாம். உங்க வேலை அவர் குடிக்கிறத நிறுத்துறது இல்ல, குடிச்சாலும் கதவ உதைக்காம இருக்க வைக்கிறது. முடிஞ்ச வரைக்கும் அட்வைஸ் பண்ணாதீங்க. எனக்கு அந்த வியாதி போகவே ரெண்டு வருஷம் ஆச்சு.

சாவி குடுத்த முதல் மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு தடவையாவது போங்க, பிரச்சனை இல்லாதப்பவும் போங்க, ஏன்னா பிரச்சனை வரும்போது மட்டும் வர்றவங்கள யாருக்கும் புடிக்காது. ஒரு பெரியவர் புது மெத்தைய பிளாஸ்டிக் கவரோட அப்படியே வச்சிருந்தார், தூங்குறது பாத்ரூம்ல. நானும் மெத்தை சரியில்லையோன்னு வேற மெத்தைக்கு அலைஞ்சேன். அப்புறம்தான் சொல்றார், வாசக் கதவு ஒண்ணு பாத்ரூம் கதவு ஒண்ணு, ரெண்டையும் பூட்டினாதான் தூக்கம் வருதுன்னு. அத்தனை வருஷம் ஒரு கண்ண தொறந்து வச்சே தூங்குனவரு. உள் தாழ்ப்பாள் ஒண்ணு போட ஓனர்கிட்ட பர்மிஷன் வாங்கினோம், கொஞ்ச நாள்ல மெத்தைக்கு வந்துட்டார். சிலர் பழைய டென்ட்டுக்கே ராத்திரி போயிடுவாங்க, அங்கதான் சிநேகிதங்க இருக்காங்க. நன்றி கெட்டவங்கன்னு நினைக்காதீங்க. ஆனா வவுச்சர் வீடுன்னா (வாடகைல ஒரு பங்க கவர்மென்ட் மானியமா கட்டுற வீடு) தொடர்ச்சியா 180 நாளுக்கு மேல ஆளே இல்லாம இருக்கக் கூடாது, சில ஊர்ல அதவிடக் கம்மி, அதனால எப்பப்ப வீட்ல இருந்தார்னு ஒரு கண்ணு இருக்கட்டும்.

வீடு போறதுக்கு நான் பாத்த பெரிய காரணம் போதை இல்ல, விருந்தாளி. குளிருதுன்னு ஒருத்தன் வருவான், மறுநாள் ரெண்டு பேர், ஒரு மாசத்துல நம்ம ஆளு தரைல, வந்தவன் கட்டில்ல. பாதி பேருக்கு வெளிய போன்னு சொல்ல பயம், மீதி பேருக்கு மனசு வராது, ரோட்டுல இருந்தப்ப அவன்தானே சோறு பகிர்ந்தான். "யார் இருக்கா இங்க"ன்னு போலீஸ் மாதிரி கேக்காதீங்க. தனியா வெளிய காபி வாங்கிக் குடுத்து, "உங்க சாவி யார் யார்கிட்ட இருக்கு"ன்னு கேளுங்க, பதில் தானா வரும். "கேஸ் மேனேஜர் விடமாட்டேங்குறா, வீட்டையே புடுங்கிடுவாளாம்"னு என் தலைல பழிய போட்டுடுங்கன்னு நான் சொல்லியே குடுத்திருக்கேன், நல்லா வேலை செய்யுது. அடிதடி பயம் இருந்தா பூட்டு மாத்தணும், வேற யூனிட்டுக்கு டிரான்ஸ்ஃபர் கேக்கணும், லேட் பண்ணாதீங்க.

அவங்க கட்டுற வாடகை பொதுவா வருமானத்துல 30 சதவீதம். 2025ல எஸ்.எஸ்.ஐ (வருமானம் இல்லாத ஊனமுற்றவங்களுக்கும் வயசானவங்களுக்கும் வர்ற உதவித்தொகை) ஃபெடரல் பணம் மட்டும் மாசம் 967 டாலரா இருந்துச்சு, அதுல பாத்தா சுமார் 290. கம்மிதான், ஆனா ஒண்ணாந்தேதி பணம் வந்து மூணாந்தேதி காணாம போயிடும், அதனால ஆட்டோ பே போட்டுடுங்க, இல்ல அவரே சம்மதிச்சா ரெப்ரசன்டேடிவ் பேயீ (அவர் பணத்த வாங்கி அவருக்காக கட்டுற ஆள்) வைக்கலாம். அப்புறம் வருஷா வருஷம் ரீசர்ட்டிஃபிகேஷன், அதாவது மானியம் தொடர வருமானப் பேப்பர மறுபடி குடுக்குறது. முதல் வருஷம் ஒருத்தரோட பேப்பர நான் கோட்டை விட்டேன், லெட்டர் அவர் மெயில்பாக்ஸ்லயே மூணு மாசம் கிடந்திருக்கு, மானியம் நிக்கிற நிலைமைக்கு போய் ஒரு வாரம் எனக்கு சோறு இறங்கல. அதுலேர்ந்து ஒவ்வொரு விசிட்டும் மெயில்பாக்ஸ்லதான் ஆரம்பிப்பேன், அவரையே திறக்கச் சொல்லி கூட நின்னு பிரிப்போம்.

வீட்டு ஓனர், பில்டிங் மேனேஜர் இவங்களும் பாதி உங்க கிளையன்ட் மாதிரிதான். கிளையன்ட் கையெழுத்து போட்ட ரிலீஸ் ஃபார்ம் (அவரப் பத்தி மத்தவங்ககிட்ட பேச அனுமதி) வாங்கிட்டு, உங்க நம்பர குடுத்து, "காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் எழுதுறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க"ன்னு கேட்டு வைங்க. ஒண்ணும் இல்லாத நாள்லயும் கூப்பிட்டு விசாரிங்க.

அப்படியும் நோட்டீஸ் வந்துச்சுன்னா அன்னைக்கே லீகல் எய்டுக்கு (இலவச சட்ட உதவி) போன். கலிஃபோர்னியாவுல வாடகை பாக்கி நோட்டீஸ் சாதாரணமா 3 நாள், சனி ஞாயிறு கோர்ட் லீவு கணக்குல வராது. மானிய வீடுகளுக்கு சில நேரம் 30 நாள் வரும், அத வக்கீல் பாத்துக்கட்டும். கோர்ட் பேப்பர் கைல குடுத்துட்டாங்கன்னா பதில் போட 10 கோர்ட் நாள், 2025 ஜனவரிக்கு முன்னாடி 5 நாள்தான் இருந்துச்சு. பதிலே போடலன்னா கேட்காமயே தீர்ப்பு வந்துடும், நிறைய வீடு இப்படித்தான் போகுது. பிரச்சனை நோயால வந்ததா இருந்தா, உதாரணமா வீடு முழுக்க குப்பைய சேத்து வைக்கிற வியாதி, ரீசனபிள் அக்காமடேஷன் (நோய்க்காக விதியில தர்ற சலுகை) கேட்டு எழுத்துல குடுங்க, சுத்தம் பண்ண இத்தனை வாரம் டைம் வேணும்னு தேதியோட.

விசிட் போறப்ப கதவ தட்டி பேரச் சொல்லிட்டு தள்ளி நில்லுங்க, உள்ள போனா வாசல் பக்கமா உக்காருங்க. பைல நார்கேன் ஸ்ப்ரே (ஓபியாய்டு போதை அளவு மீறினா உயிரக் காப்பாத்துற மூக்கு மருந்து) எப்பவும் இருக்கணும், 2023லேர்ந்து கடைலயே டாக்டர் சீட்டு இல்லாம கிடைக்குது. மனசு ரொம்ப மோசமா இருக்குன்னு சொன்னா 988க்கு போன், தற்கொலை, மனநெருக்கடி உதவி நம்பர் அது. நோட்ஸ் அன்னைக்கே எழுதிடுங்க, "குடிகாரர்"னு எழுதாதீங்க, "மேஜைல காலி பாட்டில் 3, பேச்சு தெளிவா இருந்துச்சு"ன்னு பாத்தத எழுதுங்க, நாளைக்கு அது கோர்ட்டுக்கு போகலாம். அவங்க சாப்பிடக் குடுத்தா வாங்கலாமான்னு ரூல் இருக்கும், கேட்டுக்கோங்க. நான் தண்ணி மட்டும் வாங்கிக் குடிப்பேன், நம்ம ஊர்ப் பழக்கம், வேணாம்னு சொல்ல வாய் வரல.

இன்னொண்ணு, சாவு வரும். ரோட்டுல தேஞ்ச உடம்பு, வீடு வந்த ரெண்டாம் வருஷம் போயிடுறாங்க சிலர். முதல் தடவை கதவத் தட்டி பதில் வராதப்ப தனியா உள்ள போகாதீங்க, மேனேஜர கூப்பிடுங்க.

இன்டர்வியூல சம்பளத்துக்கு முன்னாடி ஒருத்தர் கைல எத்தனை கேஸ்னு கேளுங்க. 20ன்னா சேருங்க. 40ன்னு சொன்னா வாரம் ரெண்டு விசிட்னு நான் மேல சொன்னதெல்லாம் கனவுதான். பெட்ரோல் காசு தனியா தர்றாங்களான்னும் கேட்டுடுங்க, இந்த ஊர் டிராஃபிக்ல அதுவே பெரிய தொகை.