‘செரப்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பொருளறிந்து மொழிபெயர்ப்பது எப்படி?

ஆங்கில நூலில் ‘செரப்’ (cherub) என்ற சொல்லைக் கண்டால், அகராதியைத் திறக்குமுன் அதன் பன்மை வடிவம் அருகில் எங்கேனும் வந்துள்ளதா என்று தேடுங்கள். ‘செரபிம்’ என்றிருந்தால் அது விவிலியம் கூறும் வானுலகக் காவலரைக் குறிக்கும். ‘செரப்ஸ்’ என்றிருந்தால் பெரும்பாலும் ஓவியங்களில் காணும் சிறகு முளைத்த குழந்தைகளையோ, கன்னம் கொழுத்த பிள்ளைகளையோ குறிக்கும். ‘இம்’ என்பது எபிரேயப் பன்மை விகுதி. அப்படியிருந்தும் 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் ‘செரபிம்ஸ்’ என்று மேலும் ஒரு விகுதியை ஒட்டியது. நம் பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் இதே சொல்லுக்கு வரும் ‘கேருபீன்கள்’ என்பதும் ஏறத்தாழ அதே கதைதான்.

ஒருமையில் மட்டும் வந்தால், சூழலே வழிகாட்டி. காவல், அரியணை, உடன்படிக்கைப் பேழை ஆகியவை அருகிலிருந்தால் பழைய பொருளையும், புன்னகையும் கன்னமும் இருந்தால் புதிய பொருளையும் கொள்ளலாம். ‘செரூபிக்’ என்ற பெயரடை அநேகமாக எப்போதும் குழந்தை முகத்தையே சுட்டும்.

இவ்விரு பொருள்களுக்கும் இடையே உள்ள தொலைவு வியப்புக்குரியது. எபிரேயத்தின் ‘கெரூப்’ என்ற சொல்லை, பண்டைய மெசொப்பொத்தேமியாவின் அக்காடிய மொழியில் வாழ்த்துதலைக் குறிக்கும் வினையோடும் அம்மொழியின் காவல் தெய்வப் பெயர்களோடும் அறிஞர் பலர் இணைக்கின்றனர். விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் ஏதேன் தோட்டத்தின் கிழக்கே காவல் நிற்பவை கேருபீன்களே. சாலொமோனின் ஆலயத்தில் அவை பத்து முழ உயரத்தில் ஒலிவமரத்தால் செய்யப்பட்டிருந்தன. எசேக்கியேலின் தரிசனத்திலோ அவற்றுக்கு நான்கு முகங்கள். இத்தகைய அச்சமூட்டும் உருவத்தின் பெயர், மறுமலர்ச்சிக் கால இத்தாலிய ஓவியர்கள் உரோமானியச் சிற்பங்களின் சிறகுச் சிறுவர்களைத் திருச்சபை ஓவியங்களுக்குள் கொண்டுவந்த பின்னர், அச்சிறுவர்கள் மேல் ஏறிக்கொண்டது. ரபேலின் சிஸ்டைன் மடோனா ஓவியத்தின் அடியில் முகவாயைக் கையில் தாங்கியிருக்கும் சிறுவனையும் அவன் துணையையும் இன்று இப்பெயரால்தான் அழைக்கிறார்கள்.

தமிழில் எழுதும்போது ‘தேவதூதன்’ என்ற எளிய வழியைத் தவிர்த்துவிடுங்கள். அது ‘ஏஞ்சல்’ என்பதற்கே மிகப் பொருத்தம்; அச்சொல்லின் கிரேக்க மூலமான ‘ஆங்கெலோஸ்’ என்பதற்குத் தூதன் என்பதே பொருள். கேருபீனோ விவிலியத்தில் எவருக்கும் செய்தி கொண்டு செல்வதில்லை. காவல் காக்கிறது, இறைவனின் அரியணையைத் தாங்குகிறது. ஆகவே பழைய பொருளுக்குக் ‘கேருபீன்’ என்றும், ஓவியத்திற்குச் ‘சிறகுக் குழந்தை’ என்றும், உயிருள்ள பிள்ளையைச் சொல்லும்போது ‘கொழுகொழு மழலை’ என்றும் எழுதலாம்.