கண்மாய்க் கரையில் பேரல் கிடந்தால்: அபாயகரக் கழிவு குறித்து நிலைத்து நிற்கும் புகார் எழுதுவது எப்படி

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் ஏதோ ஒன்றின் கரையில், ஒருநாள் காலையில் மூடி நசுங்கிய நான்கைந்து பேரல்கள் கிடக்கின்றன. மடையோரத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மினுங்குகிறது. ஆடு மேய்ப்பவர்தான் பெரும்பாலும் முதலில் பார்த்துச் சொல்வார். ஊரார் கூடி, "துர்நாற்றம் வீசுகிறது, உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று மனு எழுதுவார்கள். நான் முதன்முதலில் எழுதிய மனுவும் அப்படித்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்து, நேரில் பார்வையிட்டபோது நாற்றம் ஏதும் உணரப்படவில்லை என்று பதில் வந்தது. வந்தவர் பொய் சொல்லவில்லை. அன்று காற்று வேறு பக்கம் அடித்தது.

நாற்றத்தைப் பற்றி எழுதினால் அது இருந்ததா இல்லையா என்ற வாதத்தில் மனு முடிந்துபோகும். ஆனால் இந்தக் கழிவுகளுக்கான சட்டம், கழிவு எங்கே உருவானது, யார் ஏற்றினார், எங்கே இறக்கப்பட்டது என்பதற்கு ஒவ்வொரு படியிலும் தாள் கேட்கிறது. அந்தத் தாளைக் கேட்கும் மனுவைத் தட்டிக்கழிப்பது எளிதல்ல.

1984 டிசம்பரில் நடந்த போபால் விஷவாயுக் கசிவுக்குப் பின் வந்ததுதான் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம். அதன்கீழ் இப்போது நடைமுறையில் இருப்பவை 2016ஆம் ஆண்டின் அபாயகர மற்றும் இதர கழிவுகள் விதிகள். கண்டது இந்த விதிகளுக்குள் வருமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பயன்படுத்திய எஞ்சின் ஆயில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் அடியில் தங்கும் ரசாயனச் சேறு, ரசாயனம் படிந்த காலிப் பேரல் ஆகியவை முதல் அட்டவணையிலேயே இருக்கின்றன. பேரல் காலியாக இருப்பதால் குற்றமில்லை என்று யாராவது சொன்னால், காலிப் பேரலே கழிவுதான் என்று பதில் சொல்லலாம். மருத்துவமனைக் கழிவு, பேட்டரி, மின்னணுக் கழிவு ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு: முதலாவதற்கு 2016ஆம் ஆண்டினவை, மற்ற இரண்டுக்கும் 2022ஆம் ஆண்டினவை. ஊசியும் குளுக்கோஸ் பாட்டிலும் கிடக்கும் இடத்தைப் பற்றிய மனுவில் அபாயகரக் கழிவு விதிகளை மேற்கோள் காட்டினால், விதி பொருந்தவில்லை என்றே திருப்பி அனுப்ப வழி கொடுத்ததாகும்.

கண்ட அன்றைக்குச் செய்ய வேண்டியவை சில. பேரலைத் தொடவோ, உருட்டவோ, முகர்ந்து பார்க்கவோ கூடாது; காற்று வரும் பக்கத்தில் தள்ளி நின்று, பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் விலக்க வேண்டும். புகையோ கசிவோ இருந்தால் மனு பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் 101 அல்லது 112. பின்னர் இடத்தின் அடையாளம் தெரியுமாறு தூரத்திலிருந்தும், பேரலின் மேல் உள்ள எழுத்து தெரியுமாறு கிட்டத்திலிருந்தும் தேதியுடன் படமெடுக்க வேண்டும். முறையாக வைக்கப்பட்ட கழிவின் மேல் படிவம் 8இன்படி ஒளிரும் மஞ்சள் நிற லேபிளும், அதில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கையும் இருக்க வேண்டும். லேபிள் இல்லை என்பதும் ஒரு விதிமீறலே. அதைப் படத்தோடு எழுதுங்கள். ஏற்றி வந்த வண்டியின் எண்ணை யாராவது பார்த்திருந்தால் அது பொன்போலத் தகவல்.

பலர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பாட்டில் சோதனைக்கு வரச்சொல்லி வற்புறுத்த உதவலாம், சாட்சியாக நிற்காது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் அறிவிப்புக் கொடுத்து, மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, கையொப்பம் பெற்று ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் அதன் முடிவைச் சட்ட நடவடிக்கையில் சாட்சியமாக ஏற்பார்கள். எனவே மனுவில், 11ஆம் பிரிவின்படி மாதிரி எடுக்க வேண்டும் என்று கோருவதே சரி.

இனி, மனுவின் உயிர்நாடியான தாள் விஷயத்துக்கு வருகிறேன். கழிவை உருவாக்கும் நிறுவனம் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். கழிவைப் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் எவ்வளவு உருவானது, எவ்வளவு வெளியே போனது என்பதைப் படிவம் 3இல் எழுத வேண்டும். ஆண்டறிக்கையைப் படிவம் 4இல் ஜூன் 30க்குள் அனுப்ப வேண்டும். வெளியே அனுப்பும் ஒவ்வொரு லோடுக்கும் படிவம் 10 எனப்படும் மேனிஃபெஸ்ட், அதாவது கழிவோடு செல்லும் சரக்குச் சீட்டு, ஏழு பிரதிகளாகப் போட வேண்டும். வெள்ளைப் பிரதியை அனுப்புபவர் வாரியத்துக்குத் தருவார். மஞ்சள் அவரிடமே இருக்கும். இளஞ்சிவப்பு பெறுபவருக்கு, ஆரஞ்சு லாரிக்காரருக்கு. பெற்றவர் பச்சையை வாரியத்துக்கும் நீலத்தை அனுப்பியவருக்கும் திருப்ப வேண்டும். கழிவு வேறு மாநிலத்திலிருந்து வந்ததானால் சாம்பல் நிறப் பிரதி அந்த மாநில வாரியத்துக்குப் போகும். நீலப் பிரதி திரும்பி வரவில்லை என்றால், கழிவு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று பொருள். கண்மாய்க் கரையில் கிடப்பது பெரும்பாலும் வெள்ளைப் பிரதியே போடப்படாத கழிவு.

இந்தச் சங்கிலி அறுபடும் இடம் பழைய இரும்புக் கடை. 2001இல் கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடி உடைசல் வெளியே தெரிந்ததும் ஒரு பழைய இரும்புக் கடையில்தான். இங்கே டூவீலர் பட்டறைகளில் வடித்த ஆயிலை வாங்கிச் செல்பவர், கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கொடுக்கிறார். மீந்தது சாக்கடைக்குப் போகிறது. சட்டப்படி அது அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டுமே போக வேண்டும். பட்டறைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முறையாக வாங்கிக்கொள்பவர் கிடைப்பது அரிது என்பதை அவர் சொன்னால், அதையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

மனுவை வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு முகவரியிட்டு, நகலை மாவட்ட ஆட்சியருக்கும் கண்மாய்க்குப் பொறுப்பானவருக்கும் அனுப்புங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய் பொதுவாக நீர்வளத் துறைக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கும் உரியது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். பதிவுத் தபால் ரசீதும் அதே வேலையைச் செய்யும். வாயால் சொல்லிவிட்டு வருவது கணக்கில் சேராது. ஒரே மனுவில் குடிநீர், சாலை, கொசு எல்லாவற்றையும் சேர்க்காமல் கழிவை மட்டும் எழுதுங்கள். கேட்க வேண்டியவை நான்கு: மாதிரி எடுக்க வேண்டும், கழிவின் மூலத்தைக் கண்டறிய வேண்டும், அது பாதுகாப்பாக அகற்றப்பட வேண்டும், அதே சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ் உத்தரவு பிறப்பிக்க வேண்டும். அந்த 5ஆம் பிரிவு தொழிலை மூடவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் அதிகாரம் தருகிறது. அபராதத்தைவிட அதற்குத்தான் உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள் என்பது என் அனுபவம்.

தண்டனை பற்றி ஒரு திருத்தம். ஐந்தாண்டு சிறை, ஒரு லட்சம் அபராதம் என்று பல துண்டுப்பிரசுரங்கள் இன்னும் அச்சிடுகின்றன. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டத்தால் அது மாறியது. 2024 ஏப்ரல் 1 முதல், சிறைக்குப் பதிலாக, விசாரணை அதிகாரி விதிக்கும் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான தண்டத்தொகை நடைமுறையில் இருக்கிறது. பழைய பிரிவை மேற்கோள் காட்டும் மனு, முதல் பார்வையிலேயே மதிப்பிழக்கும்.

பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பார்வையிட்ட அறிக்கையின் நகலைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதற்கும் மேலே, சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். இழப்பீடு கோராத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் தகராறு எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். முதல் படத்தில் தேதி ஏன் வேண்டும் என்பது இங்கேதான் தெரியவரும். இழப்பீடும் சீரமைப்பும் கேட்பதற்கு 5 ஆண்டு வரை காலம் உண்டு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுவுக்கும் வழி இருக்கிறது, அதற்கு வழக்கறிஞரின் துணை தேவைப்படும்.

மனு கொடுத்த மறுநாள் காலையில் பேரல்கள் காணாமல் போவதும் உண்டு. ஊரார் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். அப்போதுதான் இரண்டாவது மனுவை எழுத வேண்டும். கிடந்த கழிவு எந்த வண்டியில், எந்த மேனிஃபெஸ்ட் எண்ணில், எந்த இடத்துக்குப் போனது என்று கேட்டு, முந்தைய படங்களை அதனுடன் இணைத்து, வெள்ளைப் பிரதியையும் பச்சைப் பிரதியையும் தகவல் உரிமை மனுவில் தனித்தனியாகக் கேளுங்கள்.