சிவிலா கம்பியூட்டரா என்று கேட்பதற்கு முன்னால்: பேராதனையின் முதல் வருடத்தைப் பிடிப்பது எப்படி

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் பிள்ளையைக் கண்டால் நம் ஊரில் முதலில் கேட்பது "சிவிலா, கம்பியூட்டரா?" என்றுதான். பரீட்சையே எழுதியிருக்க மாட்டான் பாவம், ஆனால் மாமா, சித்தப்பா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். உண்மையில் இலங்கையின் அரச பொறியியல் பீடங்களில் பெரும்பாலும் நுழையும்போது யாருக்கும் ஃபீல்ட், அதாவது சிவில், கம்பியூட்டர் என்ற தனித் துறை, கிடையாது. முழு பெட்சும் ஒன்றாக உள்ளே போய் ஒரே பாடங்களைப் படிக்கும், அப்புறம்தான் பிரிப்பார்கள். அந்தப் பொதுப் பகுதிதான் ஒரு எஞ்சினியருக்கு அடித்தளம், ஆனால் ஃபீல்ட் கிடைக்கும் வரை காத்திருக்கும் இடமாகத்தான் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்க்கிறார்கள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தை வைத்தே எழுதுகிறேன். மலையகத்துக்குள் இருப்பதும் அதுதான், நாட்டில் முதலில் வந்த பொறியியல் பீடமும் அதுதான். 1950இல் கொழும்பில் ஆரம்பித்து 1960களில் மகாவலிக் கரைக்கு வந்தது. மொறட்டுவை, காலி ஹப்புகல, கிளிநொச்சி, ஒலுவில் என்று மற்ற இடங்களுக்குப் போகிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

உள்ளே போக

இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும், மூன்றிலும் சித்தி வேண்டும், உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். அந்தப் பொதுப் பரீட்சையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் அதில் கோட்டை விட்டால் இசட் புள்ளி (பாடப் புள்ளிகளைத் தரப்படுத்தி அனுமதிக்கு எடுக்கும் புள்ளி) எவ்வளவு இருந்தும் பிரயோசனமில்லை. தொழில்நுட்பப் பிரிவில் 'பொறியியல் தொழில்நுட்பம்' எடுத்தாலும் இதே பீடத்துக்குப் போகலாம் என்று நினைக்கும் பெற்றோர் தோட்டப்புறத்தில் நிறையப் பேர். போக முடியாது. அது வேறு பட்டம், வேறு பீடம். கெட்ட படிப்பென்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு எடுங்கள் என்கிறேன்.

அடுத்தது மாவட்டம். அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. உங்கள் மாவட்டம் எது என்பதைப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் எங்கே படித்தீர்கள் என்பதை வைத்துத்தான் பார்க்கிறார்கள், வீடு எங்கே என்பதை வைத்து இல்லை. அதனால் சாதாரணதரம் முடிந்த கையோடு "கண்டியில் நல்ல டியூஷன் இருக்கிறது" என்று பாடசாலையை மாற்றுவதற்கு முன்னால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து இரண்டு மாவட்டங்களின் வெட்டுப்புள்ளியையும் (உள்ளே எடுத்த ஆகக் குறைந்த புள்ளி) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டியூஷனுக்குச் சனி, ஞாயிறு பஸ் ஏறிப் போகலாம், மாவட்டத்தை அப்படிப் போய் வாங்க முடியாது. சரி, தோட்டப் பாடசாலையில் கணிதப் பிரிவே இல்லையென்றால்? அதுதான் பலருடைய நிலைமை. அப்போதும் முதலில் ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை என்று உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே தேடுங்கள்.

விண்ணப்பத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பொறியியலுக்கும் தனித்தனி இலக்கம். நீங்கள் எழுதும் வரிசையில், உங்கள் புள்ளிக்கு எட்டும் முதலாவது எதுவோ அதுதான் கிடைக்கும். ஆகவே உண்மையில் விரும்பும் வரிசையிலேயே எழுதுங்கள். போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து மேலே இருக்க வேண்டியதைக் கீழே போடுவதால் ஒரு லாபமும் இல்லை.

பெறுபேறு வந்த பிறகு, கெம்பஸ் தொடங்கும் முன்

இந்த இடைவெளி மாதக்கணக்கில் இழுக்கும். வேலைக்குப் போக வேண்டிய குடும்ப நிலைமை என்றால் தாராளமாகப் போங்கள், ஆனால் இரவில் கொஞ்ச நேரம் ஆங்கிலத்துக்கு வையுங்கள். அங்கே எல்லாம் ஆங்கிலத்தில்தான். தொடக்கத்தில் ஆங்கில வகுப்பு வைப்பார்கள், அதை மட்டும் நம்பினால் முதல் செமஸ்டர் முழுக்க அகராதியோடு போய்விடும். இலக்கணப் புத்தகம் வாங்குவதை விட, நீங்கள் ஏற்கெனவே கரைத்துக் குடித்த பௌதிகவியல், இணைந்த கணிதம் இரண்டையும் ஆங்கிலத்தில் ஒருமுறை வாசிப்பது நல்ல பலன் தரும். விஷயம் தெரியும் என்பதால் மொழி மட்டும் தானாக வந்து ஒட்டும். ஆங்கில மூலப் பாஸ்ட் பேப்பர் எடுத்துச் செய்யுங்கள். கணினி கிடைத்தால், தெரிந்தவரின் கடையிலாவது சரி, பைத்தன் கொஞ்சம் எழுதிப் பழகுங்கள். வரைதல் பழக்கம் இல்லாதவர்கள் ஒரு தீப்பெட்டியையோ பூட்டையோ எடுத்து மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து என்று மூன்று பார்வையில் வரைந்து பாருங்கள், பொறியியல் வரைதல் பாடம் அங்கிருந்துதான் தொடங்கும்.

முதல் வருடம்

நுண்கணிதம், ஏகபரிமாண இயற்கணிதம், பொறிமுறை, பொருட்களின் தன்மை, மின்னியல் அடிப்படை, அளவீடு, வரைதல், உற்பத்தி முறைகளோடு வேர்க்‌ஷொப், கணினி நிரலாக்கம், ஆங்கிலம். ஏறத்தாழ இதுதான் பட்டியல். சிவில் ஆசை உள்ளவன் டையோடைப் பார்த்து "இது எனக்கு எதுக்கு?" என்பான். கம்பியூட்டர் ஆசை உள்ளவள் அரத்தைப் பிடித்து இரும்பைத் தேய்த்துக்கொண்டு அதையே சொல்வாள்.

எதுக்கு என்று தெரிய வேண்டுமானால், லீவுக்கு வீட்டுக்கு வரும்போது தோட்டத்து டீ ஃபெக்டரிக்கு ஒருமுறை நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். நம்மில் பலர் பிறந்ததிலிருந்து அதன் வாசனையிலேயே வளர்ந்திருக்கிறோம், உள்ளே என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போகிறது. அதாவது மூன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.3 மெகாஜூலுக்குக் கிட்ட வேண்டும் என்பது உங்களுக்குப் பாடசாலையிலேயே தெரியும். பெருக்கிப் பாருங்கள், 8 மெகாஜூல் வருகிறது. இதில் எவ்வளவை வாட்டும் தொட்டியில் ஃபேன் காற்றே எடுத்துவிடுகிறது, எவ்வளவு ட்ரையருக்கு மிச்சம், அதற்கு எத்தனை கிலோ விறகு? ஃபெக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் ஒரு நாள் விறகுக் கணக்கையும் ஒரு நாள் தூள் கணக்கையும் கேட்டு உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராது. ஏன் ஒத்துவரவில்லை என்று தேடத் தொடங்கினால், விறகின் ஈரம், அடுப்பில் போகும் நட்டம், மழை நாளின் ஈரக்காற்று என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ரோலரை ஓட்டும் மோட்டர் மின்னியல், அதன் பல்சக்கரம் பொறிமுறை, தேய்ந்த தட்டை எந்த உலோகத்தில் மாற்றுவது என்பது பொருள் பாடம், ட்ரையரின் வெப்பத்தைப் பதிந்து கட்டுப்படுத்துவது அளவீடும் நிரலாக்கமும், கட்டடம் நிற்கும் சரிவு சிவில். அந்த ஃபெக்டரி நட்டத்தில் ஓடுகிறது என்றால் காரணம் எந்த டிப்பார்ட்மென்டின் எல்லைக்குள் இருக்கிறது என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

மலையகத்தில் நடந்த பெரிய வேலைகள் எல்லாமே இப்படித்தான். லக்‌ஷபானவில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கட்டுரை வாசித்த டி. ஜே. விமலசுரேந்திர, அருவியின் உயரம், நீரின் அளவு, மின்சாரத்தைக் கொண்டுபோகும் வழி, செலவு எல்லாவற்றையும் ஒன்றாக யோசித்த மனிதர். நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல்தான், அது வேறு கதை. மண்சரிவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தையில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சரிவு ஏன் இறங்குகிறது என்று கேட்டால் மண், மழைநீர், கணிதம் மூன்றும் சேர்ந்து வரும். பேராதனைப் பொறியியல் பீடத்தின் பீடாதிபதியாகவும் பின்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த பேராசிரியர் அ. துரைராஜா, கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்டோடு சேர்ந்து 1963இல் எழுதிய களிமண் ஆய்வை உலகம் முழுக்க மண் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். களிமண்ணுக்குச் சமன்பாடு எழுத எவ்வளவு கணிதம் வேண்டும் என்று அதைப் பார்த்தால் தெரியும்.

பிரான்ஸில் இதை இன்னும் தூரம் கொண்டுபோகிறார்கள். 1794இல் தொடங்கிய எகோல் பொலிடெக்னிக் போன்ற அரச கல்லூரிகளுக்குப் போக, பள்ளி முடித்த பிறகு வழக்கமாக இரண்டு வருடம் ஆயத்த வகுப்பில் கணிதமும் பௌதிகமும் அரைத்து, போட்டிப் பரீட்சை எழுதி, அப்புறம் மூன்று அல்லது நாலு வருடம் கல்லூரி. பொதுப் பொறியியலாளரை உருவாக்குகிறோம் என்று சில கல்லூரிகள் வெளிப்படையாகவே சொல்லிக்கொள்கின்றன. எல்லாத் துறையின் அடிப்படையும், கூடவே பொருளியலும் மொழியும் படித்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள். நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு பொது வருடம். மொறட்டுவையில் அதுவும் சுருக்கம், முதல் செமஸ்டர் பெறுபேற்றோடு பிரித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது என்றுதான் படுகிறது, ஆனால் என்னைக் கேட்டு யார் மாற்றப்போகிறார்கள்.

படிக்கும் முறைக்கு வருவோம். விரிவுரை தியேட்டரில் முதல் மாதம் ஒன்றும் விளங்காவிட்டால் பயப்பட வேண்டாம், பக்கத்தில் தலையாட்டுகிறவருக்கும் விளங்கியிருக்காது. குப்பி வகுப்புக்குப் போங்கள், மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அது. சீனியர்கள் தமிழில் வைப்பார்கள், உங்கள் பெட்சிலேயே கெட்டிக்காரர் இருந்தால் அவரைப் பிடித்து நீங்களே ஒன்று ஒழுங்கு செய்யலாம். ஆனால் குப்பியை மட்டும் நம்பி விரிவுரையை வெட்டினால் பரீட்சைக்கு வரும் கேள்வி மட்டுமே தெரியும். லெப் அறிக்கை, டியூட்டோரியல், இடைப் பரீட்சை எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு, உயர்தரம் மாதிரி கடைசி மூன்று மாதத்தில் தூக்கி நிறுத்த முடியாது. நம் பிள்ளைகள் அடிவாங்குவது இங்கேதான். லெப் குழுவில் சிங்கள, முஸ்லிம் நண்பர்களோடு சேர்ந்து வேலை செய்யுங்கள், வேலைத்தளத்தில் தேவைப்படும் சிங்களத்தை வேறு எங்கும் இவ்வளவு சுலபமாகப் பழக முடியாது.

பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். எல்லை மீறினால் பொறுத்துக்கொண்டிருக்காமல் மாணவ ஆலோசகரிடம் போங்கள். காசு விஷயத்தில் மஹாபொல புலமைப்பரிசில், அது கிடைக்காவிட்டால் பல்கலைக்கழக உதவிப்பணம் என்று இரண்டு வழி உண்டு. வருமானச் சான்றிதழை கிராம சேவகரிடம் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

ஃபீல்ட் தெரிவு

முதல் வருட ஜீ.பி.ஏயும் (எல்லாப் பாடங்களின் சராசரித் தரம்) உங்கள் விருப்ப வரிசையும் சேர்ந்துதான் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கம்பியூட்டர், கெமிக்கல், உற்பத்தி என்று பிரிக்கும். எல்லோரும் எதை எழுதுகிறார்களோ அதை எழுதுவது சுலபம். அந்த வருடம் எதற்கு மவுசோ அதற்குத்தான் அடிபிடி, மூன்று வருடம் கழித்து நீங்கள் வெளியே வரும்போது அதே மவுசு இருக்குமா என்பது வேறு. விருப்பத்தை எழுதும் முன் ஒவ்வொரு டிப்பார்ட்மென்டிலும் ஒரு இறுதி வருட மாணவரைப் பிடித்து, அவருடைய புரொஜெக்ட் என்ன, ட்ரெயினிங் எங்கே போனார், எந்தப் பாடம் கழுத்தை அறுத்தது என்று கேளுங்கள். வேலை சம்பளம் பற்றிக் கேட்பதை விட இது அதிகம் சொல்லும். முதல் வருடத்தில் யாரும் சொல்லாமலே நீங்களாக உட்கார்ந்து நேரம் போனது தெரியாமல் செய்த பாடம் எது என்பதையும் பாருங்கள்.

விரும்பியது கிடைக்கவில்லையா? பெரிய நட்டமில்லை. மெக்கானிக்கல் முடித்து மென்பொருள் எழுதுகிறவர்களும் எலக்ட்ரிக்கல் முடித்து ஃபெக்டரி நடத்துகிறவர்களும் தாராளமாக இருக்கிறார்கள், அவர்களைத் தாங்குவது அந்தப் பொதுப் பாடங்கள்தான். வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பானது, ஆகவே அந்த நிறுவகம் அங்கீகரித்த நாலு வருடப் பட்டத்தை அவுஸ்திரேலியா, பிரித்தானியா போன்ற நாடுகளின் பொறியியல் அமைப்புகளும் ஏற்கின்றன. சேரும் முன் அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், புதிய பீடங்கள், தனியார் கல்லூரிகள் என்றால் கட்டாயம்.

புள்ளி எட்டாவிட்டால்

உயர்தரம் மூன்று முறை எழுதலாம், ஆனால் மூன்றாவது முறைக்காக வீட்டில் சும்மா இருக்க வேண்டியதில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகத்தில் தேசிய டிப்ளோமா இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே பொறியியல் பட்டம் படிக்கலாம், இசட் புள்ளி தேவையில்லை, கண்டியில் அவர்களுக்குப் பிராந்திய நிலையமும் உண்டு. கட்டணம் கட்ட வேண்டும், முடிக்க அதிக வருடம் போகும், நடுவில் விடுகிறவர்களும் நிறைய. இரண்டுக்கும் விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும், மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தோடு சேர்ந்து வராது. அறிவித்தல் வரும் வாரத்தில் பத்திரிகையை விடாமல் பாருங்கள்.