சுவை குறையாமல் எல்லோரும் ஆட: செட்டிநாட்டில் விளையாட்டு வழிநடத்துநராகப் பயிற்சி பெறுவது எப்படி?

மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து விளையாடும் நிகழ்ச்சியை நடத்தப் பழகுபவருக்குக் கடினமான பாடம் ஒன்றுதான்: ஆளுக்கேற்ப ஆட்டத்தை மாற்றும்போது அதன் சுவை கெடாமல் பார்த்துக்கொள்வது. விட்டுக்கொடுத்து வெல்லவைப்பதும், ஓட முடியாதவரைக் கணக்கெழுத உட்காரவைப்பதும் எளிது. இரண்டும் அவரை ஆட்டத்திலிருந்து விலக்கிவிடும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. அதன் 29ஆம் பிரிவு பண்பாடு, பொழுதுபோக்கு பற்றியது; 30ஆம் பிரிவு விளையாட்டு பற்றியது. இவற்றைப் படித்து வைத்திருந்தால், மண்டபத்திலோ பள்ளியிலோ இடம் கேட்கும்போது தயவை வேண்டுவதுபோல் நிற்க நேராது.

அடுத்து, அருகிலுள்ள சிறப்புப் பள்ளியிலோ பகல்நேர மையத்திலோ சில வாரங்கள் உதவியாளராக இருங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் பயிற்சியைப் பலர் பரிந்துரைப்பார்கள். அதில் பயம் புரியுமே தவிர, பார்வையற்றவரின் திறமை புரியாது என்பது என் கருத்து. பார்வையற்ற ஆட்டக்காரர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் ஆட்டம் கற்றுக்கொள்வது அதைவிடப் பயன் தரும். எதைக் கேட்பதானாலும் அவரிடமே கேளுங்கள், உடன் வந்த தாயாரைப் பார்த்து, "இவர் விளையாடுவாரா?" என்று கேட்காதீர்கள்.

இடத்தை முன்கூட்டியே அளந்து பாருங்கள். செட்டிநாட்டு வீட்டின் முகப்பும், நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியான வளவும் நிழலும் விசாலமும் கொண்டவை. ஆனால் உயர்ந்த திண்ணை, கைப்பிடியற்ற படிகள், தடுக்கும் நிலைப்படி, ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடித் தரைக்கல் ஆகிய நான்கும் சக்கர நாற்காலிக்கும் ஊன்றுகோலுக்கும் இடைஞ்சல். சாய்தளத்துக்கு ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். மூன்றடித் திண்ணைக்கு 36 அடி என்றால் தெருவே அடைபட்டுவிடும். ஆகவே பின்தெருவில் திறக்கும் வாசல் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், சமதளமான பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பயிற்சியின் பெரும்பகுதியை ஊர் ஆட்டங்களில் செலவிடலாம். பல்லாங்குழி தொட்டு ஆடும் ஆட்டம். பார்வை மங்கிய ஆச்சி ஒருவர் பதினான்கு குழிகளையும் விரலால் தடவியே எதிராளியின் முத்துக்களை அள்ளிவிடுவார். எதிரே ஆடுபவர் ஒவ்வொரு முறையும் எந்தக் குழியிலிருந்து எடுக்கிறார், எங்கே முடிக்கிறார் என்பதை வாய்விட்டுச் சொன்னால் போதும். விரல் பிடிப்புக் குறைந்தவருக்குப் புளியங்கொட்டைக்குப் பதில் பெரிய கூழாங்கற்களையும் அகன்ற கிண்ணங்களையும் வையுங்கள். தாயக்கட்டையைக் கையால் உருட்ட இயலாதவர் கொட்டாங்கச்சியில் இட்டுக் குலுக்கிக் கவிழ்க்கட்டும். ஆடுபுலி ஆட்டத்திற்கு, பலகையில் கோடுகள்மீது சணல் கயிறு ஒட்டி, மூன்று புலிகளுக்கும் பதினைந்து ஆடுகளுக்கும் தொட்டதும் வேறுபாடு தெரியும் காய்களைத் தாருங்கள். இம்மாற்றங்களில் எதுவும் விதியைத் தளர்த்துவதில்லை. ஆகவே வெற்றியும் தோல்வியும் உண்மையானவையாகவே இருக்கும்.

பந்தாட்டம் வேண்டுமானால் போச்சியா உகந்தது. வெள்ளைப் பந்துக்கு அருகே ஆறு சிவப்பு, ஆறு நீலப் பந்துகளைச் சேர்க்கும் இந்த ஆட்டம் 1984 முதல் பாராலிம்பிக்கில் உள்ளது. எறிய முடியாதவர் சரிவுப்பலகை வழியாகப் பந்தை உருட்டலாம். முற்றம் தாழ்ந்த வளவில் இதை நடத்த வேண்டாம். பந்து பள்ளத்தில் போய் விழும்.

முதலுதவிப் பயிற்சியைக் கட்டாயம் முடியுங்கள். வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்கு எந்தப் பயனும் இல்லை. அவரை அமுக்கிப் பிடிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், சுற்றியுள்ள பொருட்களை நகர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னும் யார் எவ்வளவு நேரம் ஆடினார், யார் காத்துக்கிடந்தார், எந்த மாற்றம் பலித்தது என்று குறித்துவையுங்கள். அடிக்கடி காத்துக்கிடந்தவரின் பெயரை அடுத்த முறை முதல் ஆட்டத்தில் சேர்த்து, அவருக்கு ஏற்ற மாற்றத்தை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.